கூரை போட்ட பாவடி

எங்கள் ஸ்டேஷனைக் கட்டியது யார் என்று எங்கள் தெருவில் கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒரு துரை கட்டினான் என்பார்கள் முதல் வீட்டில். துரை குதிரைமேல் உட்கார்ந்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தான், கட்டியதெல்லாம் நம் பக்கத்துக் கொத்தனார்கள் என்பார்கள் அடுத்த வீட்டில். அடித்தளத்துக் கருங்கல் கஞ்சமலை அடிவாரத்திலிருந்து வந்ததா, நாமக்கல் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்ததா என்று வாதாடி, பேச்சே நின்றுபோன குடும்பங்கள்கூட உண்டு. சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்தார்கள் என்பதில் மட்டும் தெரு முழுக்க ஒரே கட்சி. சந்தேகப்பட்டால் சுவரில் ஊரும் எறும்பைக் காட்டுவார்கள்.

எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் வரும் ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளைகள் ரயில்வேயில் வேலை பார்க்கிறார்கள். என்னால் அவர்களுக்கு ஒரு தொந்தரவு வேண்டாம். சேலத்தைச் சுற்றி ஸ்டேஷன்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரியது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியது என்று சும்மா சொல்லவில்லை. முகப்பில் வரிசையாகச் செங்கல் வளைவுகள். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஆப்பு அடித்த மாதிரி ஒரு கருங்கல். டிக்கெட் கொடுக்கும் கூடத்துக்குள் எங்கள் வீட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் மேலே புறா பறக்க இடம் மிச்சமிருக்கும். டிக்கெட் வாங்கும் ஜன்னல் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான். இவ்வளவு பெரிய கூடத்தைக் கட்டிவிட்டு ஜன்னலில் ஏன் கஞ்சத்தனம் பிடித்தார்கள் என்று நான் கேட்டேன். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்களே தவிர பதில் சொல்லவில்லை. எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. "இவ வாயில கேள்வி ஊறிக்கிட்டே கெடக்குது" என்பாள் அம்மா.

இன்னொன்றும் எனக்கு விளங்காமல் இருந்தது. அந்த அழகான முகப்பு ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் இருந்ததோ பின்பக்கம். எங்கள் தெருவிலிருந்து போனால் ஸ்டேஷனின் முதுகுதான் முதலில் தெரியும். மலையிலிருந்து இறங்கும் துரைமார்களின் வண்டி வந்து நிற்பதற்குத் தோதாக முகப்பை அந்தப் பக்கம் வைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

முகப்பு போனால் போகட்டும், எனக்குப் பிடித்தது பிளாட்பாரம்தான். வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் இரும்பிலேயே இலையும் கொடியும் சுருண்டு போய்க் கூரையைத் தாங்கும். தூணின் அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்திருக்கும். எந்தச் சீமைப் பட்டறையில் வார்த்ததோ. கூரையின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய மரச்சட்டம் தொங்கும். ரயிலுக்குக் காத்திருக்கும் எங்கள் தெருக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, "கோபுரக் கரை நல்லாப் போட்டிருக்கான், ஆனா ஓரத்துல ரெண்டு இழை உட்டுட்டான்" என்று தச்சனின் வேலையில் குறை கண்டுபிடிப்பார்கள். நெசவுக்காரன் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் சேலை.

நானும் அந்தச் சாதிக் கண்தான். அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு போய் முதன்முதலாக அந்தப் பிளாட்பாரத்தைக் காட்டியபோது நான் சொன்னதாக இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்: "அம்மா, பாவடிக்குக் கூரை போட்டிருக்காங்க!"

பாவடி என்றால் என்ன என்று தறி இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. பல சேலைக்கான நூலை ஒன்றாகச் சேர்த்து, ஒரு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய நார்த் தூரிகையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீவி நீவிக் காயவைப்பார்கள். அப்போதுதான் நூல் பிசிறில்லாமல் நெசவுக்கு நிற்கும். அதற்கென்று விட்டு வைத்த நீளமான வெட்டவெளிதான் பாவடி. சேலத்தில் நெசவுக்காரர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் பாவடி உண்டு. பாவுக் கயிறு கட்டக் கோடியிலிருந்து கோடிவரை வரிசையாகக் கல் நட்டிருக்கும். நிழலுக்கு வேம்போ புளியோ நிற்கும்.

எங்கள் தெருவுக்கு மட்டும் பாவடி இல்லை. தெருவிலேயே கட்டிக்கொள்வோம். தெருவோ நடுவில் முழங்கை மாதிரி மடங்கியது. பாதிப் பாவை ஒரு நாள், மீதியை மறுநாள் என்று தோய்க்க வேண்டும். நடுவில் மாட்டுவண்டி வந்துவிட்டால் சண்டை. நமக்கு ஏன் பாவடி இல்லை என்று கேட்டால், நாம் பின்னால் வந்து குடியேறியவர்கள், முன்னால் வந்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். பின்னால் என்றால் எப்போது என்று கேட்டேன். அதற்கும் சிரிப்புதான்.

எனக்குக் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, கார்த்திகையில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாரும் தறிக்காரர்கள். எங்கள் வழக்கத்தில் பெண் தாலி கட்டிக்கொள்ளும் கூறைச் சேலை அவள் பிறந்த வீட்டுத் தறியில் இறங்கியதாக இருக்க வேண்டும். அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் உட்கார்ந்த தறியில் அண்ணன் உட்கார்ந்தான். கூறைக்கென்று நல்ல நூலாகப் பார்த்து வாங்கி, அரக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி வைத்தாயிற்று. தோய்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பிடித்தது மழை.

ஐப்பசி மழை வழக்கமாக வந்து வந்து போகும். அந்த வருஷம் வந்தது போகவே இல்லை. தெரு முழங்கால் சேறு. பாவு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அண்ணன் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பான், பிறகு தறியைப் பார்ப்பான், பிறகு யாரையும் பார்க்கமாட்டான். நாள் நெருங்க நெருங்க, ஒரு சேலை இறக்கும் அளவுக்குக்கூட நேரம் இருக்குமா என்று வீட்டில் எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, கடையில ஒண்ணு வாங்கிப்போட்டாத்தான் என்ன?" என்றான் அண்ணன் ஒருநாள்.

"உன்ற அப்பன் இருந்தா இந்தப் பேச்சு பேசுவியா?" என்றாள் அம்மா. "தறி இருக்கற ஊட்டுப் பொண்ணு கடைச்சேலை கட்டிக்கிட்டு மணவறையில உக்காந்தா, அந்தத் தறிய அடுப்புல வச்சுரு."

அப்பா போனதிலிருந்து அம்மா ஒருவரிடமும் ஒரு படி அரிசி கேட்டதில்லை. அந்த வீம்பில்தான் எங்கள் வீடு நின்றது. அந்தக் கூறைச் சேலையிலும் அந்த வீம்புதான் இருந்தது. எனக்கு அது புரிந்திருந்ததால் கடைச்சேலை போதும் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கடைச்சேலை பிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் என் பழைய உளறல் எனக்கே நினைவுக்கு வந்தது. "கூரை போட்ட பாவடி ஒண்ணு இருக்குதே அம்மா" என்றேன். அண்ணன் முறைத்தான். அம்மா மழையை ஒருதரம் பார்த்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வா, அம்மிணி" என்றாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். கறுப்புக் கோட்டு, வெற்றிலை, சீக்கிரம் வரும் கோபம், அதைவிடச் சீக்கிரம் போகும் கோபம். அம்மா அவர் அறை வாசலில் நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். அம்மா கைகட்டி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க சாமி, ஒரு காலை வேளைதானுங்க. இந்தக் கூரைக்கடியில பாவு கட்டிக் காயவச்சுக்கறமுங்க. காஞ்சதும் சுருட்டிக்கிட்டுப் போயிருவமுங்க. பொண்ணு கூறைக்குங்க."

"என்னம்மா விளையாடறீங்களா? இது ஸ்டேஷன். ரயில் வர்ற இடம்."

"ரயிலு தண்டவாளத்து மேலதானுங்க வரும்? நாங்க கூரைக்கடியில நிக்கறமுங்க."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். பிறகு பாவு என்றால் என்ன, எவ்வளவு நீளம், எதற்குக் கஞ்சி, எவ்வளவு நேரத்தில் காயும் என்று துருவித் துருவிக் கேட்டார். அவருக்கும் என் வியாதிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முடிவில், காலைப் பாசஞ்சர் போனதும் கட்டலாம், ஈரோட்டுப் பக்கமிருந்து அடுத்த வண்டி வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும், மேலிடத்துக்குத் தெரிந்தால் தன் சீட்டு கிழியும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

மறுநாள் காலையில் தெருவே எங்களோடு வந்தது. கஞ்சிப் பானை ஒரு பக்கம், தூரிகைகள் ஒரு பக்கம், பாவைத் தாங்க மூங்கில் கவைகள் ஒரு பக்கம். போர்ட்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பாவின் ஒரு தலைப்பைக் குழாயடியில் இருந்த முதல் தூணில் கட்டி, மறுதலைப்பை அந்தக் கோடித் தூணுக்குக் கொண்டுபோய், அண்ணன் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். பாவு தரையைவிட்டு எழுந்து, இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது. அரக்கு நிறத்தில், ஓரத்தில் மட்டும் வெளிர் கரையோடு, அத்தனை நீளத்துக்கு ஒரே கோடு. எங்கள் மடங்கிய தெருவில் நான் ஒருநாளும் அப்படி ஒரு முழுப் பாவைப் பார்த்ததில்லை.

ஆனால் வழியில், ஆறாவது தூணில், பாவு போய் முட்டியது.

"தூணு தடுக்குதுங்க" என்றான் அண்ணன்.

"அதெப்படித் தடுக்கும்? எல்லாத் தூணும் ஒரே வரிசை. நீங்க கோணலாக் கட்டியிருக்கீங்க" என்றார் மாஸ்டர்.

"நூலு கோணாதுங்க. உங்க தூணுதானுங்க கோணல்" என்றாள் அம்மா.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்னால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. கோட்டின் பின்புறத்தைச் சுருட்டிக்கொண்டு குழாயடியில் குந்தி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாவின் ஓரத்தோடு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கும்போது கோபமெல்லாம் போய், திருவிழாக் கடையைப் பார்த்தவர் மாதிரி ஆகியிருந்தார்.

"அட, ஆமாம்" என்றார். "இத்தனை நாளா இதுமேல நடந்துக்கிட்டிருக்கேன்."

முதல் ஐந்து தூணும் நேராகப் போகின்றன. ஆறாவதிலிருந்து வரிசை ஒரு முழம் ஒதுங்கிப் போகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது; பக்கத்தில் பாவு நின்றால்தான் தெரியும். பாவை ஒரு முழம் தள்ளிக் கட்டி, அண்ணனும் மற்றவர்களும் கஞ்சி தெளிக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். நான் அவர் பின்னால் போனேன். தூண்களின் அடியில் புடைத்திருந்த எழுத்துகளை வாசித்துப் பார்த்து, ஐந்தாவதுவரை ஒரு பட்டறை, ஆறாவதிலிருந்து வேறு பட்டறை என்றார். தரையைக் காட்டினார். ஐந்தாவது தூண்வரை பாவியிருந்த கல் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு கொஞ்சம் சிவப்பு ஓடிய கல். இரும்பு இலைகளைக்கூடப் பார்த்தோம். பழைய தூண்களில் இலைக்கு நரம்பு இருந்தது, புதியவற்றில் இல்லை.

"முதல்ல சின்ன ஸ்டேஷனாத்தான் இருந்திருக்கு. இங்கதான் முடிஞ்சிருக்கு. அப்புறம் வந்தவன் நீட்டியிருக்கான்" என்றார் மாஸ்டர்.

"நீட்டனவரு நேரா நீட்டியிருக்கலாமுங்களே? ஏனுங்க ஒதுங்கிப் போனாரு?"

"அதானே, ஏன் ஒதுங்கினான்?" என்று அவரும் தூணைப் பார்த்துக் கேட்டார்.

கூரை மழையைத் தடுத்தது, ஈரக் காற்றைத் தடுக்கவில்லை. பாவு காயக் காணோம். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தூரிகையைப் பிடித்துக்கொண்டு கோடிக்குக் கோடி ஓடினார்கள். கஞ்சி பட்ட பாவை நடுவில் நிறுத்தவும் முடியாது. அரை ஈரத்தில் சுருட்டினால் நூலோடு நூல் ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். பிறகு கூறையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நடந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மாரியம்மனைக் கூப்பிடுகிறாளா, மழையைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை.

வண்டி வந்துவிட்டது.

வண்டி நின்றது, ஜனங்கள் இறங்கினார்கள், அப்படியே நின்றார்கள். அவர்களுக்கும் வெளியே போகும் வாசலுக்கும் நடுவில் பாவு. இந்தப் பக்கம் ஏற வேண்டியவர்கள், அந்தப் பக்கம் இறங்கியவர்கள். கட்டிய பாவைத் தாண்டக் கூடாது, அடியில் நுழையவும் கூடாது. எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். சங்ககிரி, குமாரபாளையம் பக்கத்து ஜனங்கள் ஏறிவரும் வண்டியில் பாதிப் பேர் தறிக்காரர்கள். மீதிப் பேர் குடியானவர்கள். அவர்களும் பார்த்துப் பழகியவர்கள்.

"குனிஞ்சு வாங்கய்யா! நூல்தானே, ஒண்ணும் ஆகாது!" என்று மாஸ்டர் கத்தினார்.

"பாவுக்கடியில நுழையறதாவது! நல்லாச் சொன்னீங்க போங்க" என்றார் மூட்டையோடு இறங்கிய ஒருவர்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். இறங்கியவர்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தின் கடைக்கோடிவரை நடந்துபோய், கடைசித் தூணைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். ஏற வேண்டியவர்கள் அதே தூணைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு கூட்டமும் முனையில் முட்டிக்கொண்டன. கார்டு கொடியைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினார். எஞ்சின் கத்தியது. ஒருவரும் அவசரப்படவில்லை. கோயிலைச் சுற்றி வருகிற மாதிரி நிதானமாக வந்தார்கள். இறங்கியவர்களில் நாலைந்து தறிக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னும் ஈரமா இருக்குதே, குடுங்க இங்க" என்று தூரிகையை வாங்கி நீவ ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு எடைமேடைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வண்டி தாமதமாகப் போனதற்கு அவர் என்ன காரணம் சொன்னாரோ. பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், வாயைத் திறக்கவே இல்லை.

ஆளும் கையும் கூடியதில் பாவு காய்ந்தது. அவிழ்த்துச் சுருட்டும்போதுதான் அண்ணன் பார்த்தான். கூட்ட நெரிசலில் பாவின் ஓரம் போய் ஆறாவது தூணில் உரசியிருந்தது. தூணில் பெயின்ட் உரிந்த இடத்திலிருந்த துரு, கரைக்கென்று விட்ட வெளிர் நூல்களில் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், புளியைத் தேய்த்தாள். துரு போவதாயில்லை.

அண்ணன் ராப்பகலாகத் தறியில் உட்கார்ந்தான். அந்தத் துரு பட்ட இடம் முதல் சேலையிலேயே, முந்திக்குப் பக்கத்துக் கரையில் வந்து விழுந்தது. அடுத்த சேலை இறங்க நாள் இல்லை. "கறை பட்ட கூறையா!" என்று தெருவில் ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். இத்தனை பாடுபட்டும் மகள் கூறையில் ஒரு குறை வந்துவிட்டது என்று அம்மாவுக்கு நெஞ்சு வெந்தது. எனக்கோ பயம் பாதி, சந்தோஷம் பாதி; வெளியே சொன்னால் அடிப்பார்கள். எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு கூறை?

கல்யாணத்தில் நாங்கள் பயந்ததுதான் நடந்தது. என் மாமியார் சேலையின் கரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இதென்ன சம்பந்தி, கறை?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் பதில் தேடுவதற்குள், பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"அது கறையில்லைம்மா, எங்க ஆறாவது தூண்!" என்றார் உரக்க. சொல்லிவிட்டு நடந்ததை முழுக்கச் சொன்னார். எஞ்சின் கத்தியதைக் கத்திக் காட்டினார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

மாமியார் கரையை ஒருதரம் தடவிப் பார்த்தார். "அப்பொ இது ரயிலு ஊட்டுச் சீதனமுங்க" என்று சிரித்துக்கொண்டே சேலையைத் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கைகட்டி நின்றதை மாஸ்டர் கதையில் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அது மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாஸ்டர் பிளாட்பாரத்தில் என்னை நிறுத்தி, "ஏன் ஒதுங்கினான்னு தெரிஞ்சுதா?" என்பார். அவர் ஒரு தடவை அங்கே கிணறு இருந்திருக்கும் என்றார். அடுத்த தடவை, சமாதியாக இருக்கும் என்றார். நான் பாறை என்றேன். இருவருக்கும் நிச்சயமில்லை. பிறகு அவருக்கு எங்கேயோ வடக்கே மாற்றல் வந்துவிட்டது. போகும்போது, "பதில் கிடைச்சா எனக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டைக் காலம் வந்தது. பட்டாளத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு நீள நீளமான வண்டிகள் போக ஆரம்பித்தன. பிளாட்பாரத்தை அகலப்படுத்த வேண்டும் என்று சொல்லிப் புதிய பாதியின் கூரையைப் பிரித்தார்கள். அண்ணன் குழந்தைக்குக் காது குத்துக்காக நான் குமாரபாளையத்திலிருந்து வந்து இறங்கியபோது தூண்களைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். எட்டாவது தூணோ ஒன்பதாவதோ என் காலடியில் கிடந்தது. இலைக்கு நரம்பில்லாததைப் பார்த்துப் புதியது என்று தெரிந்துகொண்டேன். தரைக் கல்லைப் பெயர்த்து ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். அம்மா என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். எனக்குக் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. பள்ளத்துப் பக்கம்தான் போயிற்று.

பழைய தூண்கள் முடிந்த இடத்திலிருந்து அதே நேர்கோட்டில், மண்ணுக்குள், கருங்கற்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. விழுந்து கிடக்கவில்லை, நட்டது நட்டபடி நின்றன. அவற்றை மூடித்தான் மண்ணைக் கொட்டிப் பிளாட்பாரத்தை உயர்த்தியிருக்கிறார்கள். தூணுக்குக் குழி தோண்டியவர்கள் இந்தக் கல் வரிசையைப் பிடுங்கச் சோம்பல்பட்டு ஒரு முழம் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். மண் சுமந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, "வேலிக்கல்லாட்டம் இருக்குதுங்க" என்றாள். மேஸ்திரி மாடு கட்டும் கல் என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். முதல் கல்லின் கழுத்தில் மண்ணைத் துடைத்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், விரல் நுழையும் ஆழத்துக்கு, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று. உளி வெட்டியது அப்படி இருக்காது. கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்தால்தான் கல் அப்படி ஆகும். அடுத்த கல்லிலும் அதே மாதிரி. வரிசை மண்ணுக்குள் ஓடி, எங்கள் தெருமுனையைப் பார்த்துப் போயிற்று.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் தெருவுக்குப் பாவடி இருந்திருக்கிறது. நாங்கள் பின்னால் வந்தவர்கள் இல்லை. பின்னால் வந்தது ஸ்டேஷன். முதலில் வந்தவன் பாவடியின் ஓரத்தோடு நின்றுகொண்டான், அடுத்து வந்தவன் அதன்மேலேயே மண்ணைக் கொட்டிக் கூரை போட்டான். தெருவில் யார் கட்டினார்கள், எந்த மலைக் கல், என்ன சுண்ணாம்பு என்று அத்தனை கதை சொன்னவர்களுக்கு இந்த ஒரு கதை மட்டும் எப்படி மறந்துபோயிற்று? எனக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே அந்த மாஸ்டரின் ஞாபகமும் வந்தது. இந்தக் கல்லைப் பார்த்திருந்தால் கோட்டைச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் குதித்திருப்பார். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மா கல்லின் கழுத்தில் விரலை வைத்தபடி சொன்னாள்:

"இதுக்கா கண்ணு, நான் அந்த வாசல்ல கைகட்டி நின்னேன்?"

அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டேன். வெளியே போகும் வாசல் அந்தக் கல் வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டு கல்லுக்கு நடுவே பலகை போட்டிருந்தார்கள். மண் சுமப்பவர்கள் அதில்தான் போய் வந்தார்கள். மேஸ்திரி பலகையைக் காட்டி, "இப்படிப் போங்கம்மா" என்றார்.

அம்மா பலகையில் கால் வைக்கவில்லை. சேலையை உதறிச் செருகிக்கொண்டு, வெட்டிய பள்ளத்தின் ஓரமாகவே, வெளியே தெரிந்த கடைசிக் கல்வரை நடந்துபோய், அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நானும் அவள் பின்னால் சுற்றிக்கொண்டுதான் போனேன்.